கொடுமுடி கோகிலம்

ஔவையார் என்றதும் நம் மனக்கண்முன் ஓர் உருவம் வந்து நிற்கும். நரைத்த தலை, நெற்றி நிறையத் திருநீறு, வெள்ளைச் சேலை, கையில் ஊன்றுகோல். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் பாடிய ஔவையாரை நேரில் பார்த்தவர் எவரும் இன்று இல்லை. அவருக்கு ஓவியம் வரைந்து வைத்தவரும் அக்காலத்தில் இல்லை. ஆனாலும் அவர் இப்படித்தான் இருந்திருப்பார் என்று தமிழர்கள் நம்புகின்றனர். அந்த நம்பிக்கைக்குப் பெருங்காரணம் ஒரு நடிகை. அவர் பெயர் கே. பி. சுந்தராம்பாள்.

காவிரி ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர் கொடுமுடி. இன்று அது தமிழ்நாட்டின் ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே 1908ஆம் ஆண்டு சுந்தராம்பாள் பிறந்தார். தாயார் பெயர் பாலாம்பாள். ஊர்ப் பெயரின் முதல் எழுத்தும் தாயார் பெயரின் முதல் எழுத்தும் சேர்ந்தே அவர் பெயருக்கு முன் ‘கே. பி.’ என்று நின்றன. தந்தையின் பெயரை முதலெழுத்தாகப் போட்டுக்கொள்வதே வழக்கமாக இருந்த நாட்டில் இது சற்று அரிதான செய்திதான். தந்தையை அவர் இளமையிலேயே இழந்துவிட்டார். பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாலாம்பாள் பட்ட துன்பம் கொஞ்சமன்று. அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி தெரியாத நாள்கள் பல. சுந்தராம்பாள் பள்ளிக்கூடம் சென்று படித்தது மிகக் குறைவு.

ஆனால், அந்தச் சிறுமிக்கு வெண்கல மணி போன்ற குரல் இருந்தது. இரயில் வண்டிகளில் பாடிக் காசு பெற்றுக் குடும்பத்துக்கு உதவினார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் பலர் கூறுகின்றனர். அந்தக் குரல் மெல்ல மெல்ல நாடகக்காரர்களின் காதுக்கு எட்டியது. வேலு நாயர் என்பவர் நடத்திவந்த நாடகக் குழுவில் சுந்தராம்பாள் சிறு வயதிலேயே சேர்ந்தார். ‘நல்லதங்காள்’ நாடகத்தில் பசியால் துடிக்கும் பிள்ளையாக அவர் மேடையேறியதாகச் சொல்வார்கள். பஞ்சம் பிழைக்க அண்ணன் வீட்டுக்கு வந்து, அண்ணியால் விரட்டப்பட்ட ஒரு தாயின் கதை அது. பசி என்றால் என்ன என்பதை அந்தச் சிறுமிக்கு வாத்தியார் சொல்லிக் கொடுக்க வேண்டிய தேவை இருந்திருக்காது.

அக்கால நாடகத்தைப் பற்றி இங்கே சிறிது சொல்ல வேண்டும். இன்று நாம் காணும் நாடகம் போன்றதன்று அது. ஊர்த் திடலில் கொட்டகை போட்டு, இரவு தொடங்கினால் விடியும்வரை நடக்கும். வசனத்தைவிடப் பாட்டே மிகுதி. கதாநாயகனை ‘ராஜபார்ட்’ என்பார்கள். கதாநாயகியை ‘ஸ்திரீபார்ட்’ என்பார்கள். சிறுவர் வேடம் போடுபவர் ‘பாலபார்ட்’. ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்தாலும் கடைசி வரிசையில் தரையில் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பவனுக்கும் பாட்டு கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அவன் எழுந்து கூச்சல் போடுவான். ஆகவே, ஆர்மோனியத்தில் உயர்ந்த சுருதியை வைத்துக்கொண்டு மணிக்கணக்காகப் பாடக்கூடியவர்களே மேடையில் நிலைக்க முடிந்தது. பின்னாளில் சுந்தராம்பாளின் திரைப்பாடல்களைக் கேட்டு, இவ்வளவு உச்சத்தில் எப்படிப் பாடினார் என்று பலரும் வியந்தனர். ஒலிவாங்கி இல்லாத கொட்டகைகளில் பழகிய தொண்டை அது என்பதை நினைத்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

அக்காலத்தில் ‘ஸ்பெஷல் நாடகம்’ என்று ஒரு முறை இருந்தது. ஓர் ஊரிலிருந்து ராஜபார்ட் வருவார். வேறோர் ஊரிலிருந்து ஸ்திரீபார்ட் வருவார். இருவரும் முன்பின் பார்த்திராதவர்களாகக்கூட இருக்கலாம். கூடி ஒத்திகை பார்க்காமலே அன்றிரவு மேடையேறுவார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய ‘வள்ளி திருமணம்’ போன்ற நாடகங்கள் எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால் அது முடிந்தது. எதிரில் நிற்பவர் ஓர் இராகத்தை இழுத்தால், இவர் அதற்கு ஈடுகொடுத்துப் பாட வேண்டும். நாடகம் என்ற பெயரில் நடக்கும் பாட்டுப் போட்டி என்றே அதைச் சொல்லலாம். அதைக் காண்பதற்காகவே மக்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தனர்.

அப்படித்தான் 1926ஆம் ஆண்டு இலங்கையில் சுந்தராம்பாளும் எஸ். ஜி. கிட்டப்பாவும் ஒரே மேடையில் நின்றார்கள். செங்கோட்டையைச் சேர்ந்த கிட்டப்பா அந்நாளில் தமிழ் நாடக உலகின் முடிசூடா மன்னர். கன்னையா கம்பெனியின் நாடகங்களில் பாடிப் பெரும்புகழ் பெற்றவர். அவரோடு சேர்ந்து நடித்தால் உன் பாட்டு எடுபடாமல் போய்விடும் என்று சுந்தராம்பாளைச் சிலர் எச்சரித்தனராம். பதினெட்டு வயதைக்கூட எட்டாத அந்தப் பெண் பின்வாங்கவில்லை. வள்ளியும் வேலனும் மாறி மாறிப் பாடிய அந்த நாடகம் பெருவெற்றி பெற்றது. அதன் பிறகு, இந்த இருவரும் சேர்ந்து நடிக்கிறார்கள் என்றாலே கொட்டகை நிரம்பி வழிந்தது.

மேடையில் தொடங்கிய நட்பு அன்பாக வளர்ந்தது. 1927இல் இருவரும் மணம் செய்துகொண்டனர். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருந்தார். இருவரின் சாதியும் வேறு. சுற்றத்தார் இத்திருமணத்தை எளிதில் ஏற்கவில்லை. பிறந்த குழந்தையும் நிலைக்கவில்லை. மேடையில் இணைபிரியாமல் பாடிய இருவரின் இல்வாழ்க்கையில் மனக்கசப்பும் பிரிவும் வந்து சேர்ந்தன. அக்காலத்தில் சுந்தராம்பாள் கணவருக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சில் வந்தன. அன்பும் கோபமும் ஏக்கமும் கலந்த எழுத்து அது. மேடையில் வேறொருவர் எழுதிய வசனத்தையும் பாட்டையும் சொல்லி வந்தவர், தம் சொந்தச் சொற்களில் எழுதியவை அவை.

1933ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் கிட்டப்பா மறைந்தார். அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு 25.

அன்று முதல் சுந்தராம்பாள் வெள்ளைச் சேலை உடுத்தினார். நகைகளைக் கழற்றினார். எந்த ஆண் நடிகருக்கும் இணையாக இனி நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். மேடையை விட்டே ஒதுங்கியிருந்தார். இதைப் பேசுபவர்கள் பெரும்பாலும் அவருடைய தியாகத்தைப் போற்றி முடித்துக்கொள்வார்கள். ஆனால், அந்த முடிவின் விலையையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அக்காலத் தமிழ் நாடகத்தில் ஒரு நடிகைக்குக் கிடைத்த வேடங்கள் என்ன? வள்ளி, தமயந்தி, சந்திரமதி, கோவலனின் கண்ணகி. எல்லாமே ஒரு தலைவனுக்கு எதிரே நிற்கும் தலைவி வேடங்கள். அத்தனையையும் ஒரே நாளில் அவர் விட்டுவிட்டார். புகழின் உச்சியில், பிழைப்புக்கு வேறு தொழில் தெரியாத நிலையில், இருபத்தைந்து வயதில் எடுத்த முடிவு அது. கைம்பெண்கள் வீட்டின் ஒரு மூலையில் முடங்கிக் கிடக்க வேண்டும் என்று எதிர்பார்த்த காலமும் அதுவே. அவர் அப்படி முடங்கியிருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள்.

அவர் முடங்கவில்லை. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி போன்றோர் மீண்டும் பாட வருமாறு வற்புறுத்தினர். நாட்டு விடுதலைப் போராட்டம் அவருக்குப் புதியதன்று. கிட்டப்பா இருந்த காலத்திலேயே இருவரும் கதர் அணிந்து, நாடகங்களுக்கு இடையே தேசியப் பாடல்களைப் பாடியவர்கள். நாடக மேடையை ஆங்கில அரசு கண்கொத்திப் பாம்பாகக் கவனித்து வந்த காலம் அது. அரசுக்கு எதிரான நாடகங்களைத் தடைசெய்ய 1876ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் வந்திருந்தது. ஆகவே, கலைஞர்கள் புராணக் கதைக்குள்ளேயே தேசத்தைப் பாடினார்கள். தினைப்புனத்தில் பறவை விரட்டும் காட்சியில் வெள்ளைக் கொக்கை விரட்டுவதாகப் பாடினால், அது யாரைக் குறிக்கிறது என்பது கூட்டத்துக்கும் தெரியும், ஓரத்தில் நிற்கும் போலீசுக்கும் தெரியும். இவ்வாறு பாடிய விசுவநாததாஸ் போன்ற நடிகர்கள் சிறைக்கும் போனார்கள்.

சுந்தராம்பாளின் குரலுக்குக் கூடுதலாக ஒரு வாகனம் கிடைத்தது. அதுதான் கிராமபோன் இசைத்தட்டு. காந்தியடிகளைப் பற்றியும் கதரைப் பற்றியும் அவர் பாடிய பாடல்கள் தட்டுகளாக வெளிவந்து, நாடகக் கொட்டகை இல்லாத ஊர்களுக்கும் சென்றன. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அந்தத் தட்டே செய்தித்தாள் ஆயிற்று. சத்தியமூர்த்தி பேசிய தேர்தல் கூட்டங்களில் சுந்தராம்பாள் பாடுவார். அவர் பாட்டைக் கேட்க வந்தவர்கள் அப்படியே பேச்சையும் கேட்டுவிட்டுப் போனார்கள்.

இதற்கிடையில் தமிழ்ப் பேசும்படம் பிறந்துவிட்டது. 1931இல் வெளிவந்த ‘காளிதாஸ்’ படத்துக்குப் பிறகு, நாடக நடிகர்கள் ஒவ்வொருவராகத் திரைக்குச் சென்றனர். சுந்தராம்பாளுக்கு அதில் விருப்பம் இல்லை. படத் தயாரிப்பாளர் அசன்தாஸ் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். இப்படிக் கேட்டால் ஓடிவிடுவார் என்று எண்ணிய சுந்தராம்பாள், சம்பளமாக ஒரு இலட்சம் ரூபாய் வேண்டும் என்றார். சில ஆயிரம் ரூபாயில் நல்ல வீடே கட்டிவிடக்கூடிய காலம் அது. தயாரிப்பாளர் ஓடவில்லை, சரி என்றார்! ஒரே படத்துக்கு இலட்சம் ரூபாய் வாங்கிய முதல் இந்திய நடிகர் என்று அவர் பெயர் நாடெங்கும் பரவியது. ஆண், பெண் இருபாலாரையும் சேர்த்தே சொல்லும் பெருமை இது.

பணத்தைவிட வியப்பானது அவர் ஏற்ற வேடம். 1935இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் அவரே நந்தனாராக நடித்தார். சிதம்பரம் நடராசரைக் காணத் துடித்த, தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த உழவர் நந்தனார். பெண் ஒருவர் ஆண் வேடம் பூண்டதால், ஆணுக்கு இணையாக நடிப்பதில்லை என்ற உறுதிக்குப் பழுது வரவில்லை. அவரை அடக்கி ஆளும் வேதியராகக் கருநாடக இசை மேதை மகாராஜபுரம் விசுவநாத ஐயர் நடித்தார். படம் எதிர்பார்த்த அளவுக்கு ஓடவில்லை. எழுத்தாளர் கல்கி, படத்தில் வந்த பனைமரமும் எருமைக் கடாவும்தான் நன்றாக நடித்தன என்ற பொருள்பட ஆனந்த விகடனில் கிண்டலாக எழுதினார். மேடைக்கு ஏற்ற நடிப்பு வேறு, ஒளிப்படக் கருவிக்கு ஏற்ற நடிப்பு வேறு என்பதை அன்று எல்லாரும் கற்றுக்கொண்டிருந்தார்கள். சுந்தராம்பாளும் அதற்கு விலக்கில்லை. பாட்டைப் பற்றி மட்டும் யாருக்கும் குறை இருக்கவில்லை.

அடுத்து 1940இல் ‘மணிமேகலை’ வந்தது. இளமையிலேயே துறவு பூண்டு, அமுதசுரபியால் ஊருக்குச் சோறிட்டவளின் கதை. அதன் பிறகு 13 ஆண்டுகள் அவர் எந்தப் படத்திலும் தோன்றவில்லை. கச்சேரிகளில் பாடினார். 1951இல் சென்னை மாநிலச் சட்ட மேலவையின் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். இந்தியத் திரைக் கலைஞர் ஒருவர் சட்டமன்றத்துக்குள் உறுப்பினராக நுழைந்தது அதுவே முதல் முறை. திரையுலகிலிருந்து வந்தவர்கள் பின்னாளில் தமிழ்நாட்டில் ஒருவர் பின் ஒருவராக முதலமைச்சர் நாற்காலியில் அமர்ந்தார்கள். அந்தப் பாதையில் முதலில் நடந்தவர், அதிகம் படிக்காத இந்தக் கொடுமுடிப் பெண்தான்.

1953ஆம் ஆண்டு ஜெமினி நிறுவனத்தின் எஸ். எஸ். வாசன் தயாரிப்பில், கொத்தமங்கலம் சுப்பு இயக்கத்தில் ‘ஔவையார்’ வெளிவந்தது. பல ஆண்டுகள் உழைத்துப் பெரும்பொருள் செலவில் எடுத்த படம். கதைப்படி இளம்பெண்ணான ஔவைக்குத் திருமணம் பேசுகிறார்கள். அவளோ தமிழுக்கும் இறைவனுக்கும் தன்னைக் கொடுத்துவிட்டவள். தன் இளமையை எடுத்துக்கொண்டு முதுமையைத் தந்துவிடுமாறு விநாயகரிடம் வேண்டுகிறாள். வேண்டியது கிடைக்கிறது. இளம்பெண் மறைந்து, மூதாட்டியாகச் சுந்தராம்பாள் திரையில் தோன்றுகிறார். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயதுகூட நிறையவில்லை. ஆனால், வெள்ளைச் சேலையை அவர் அணிந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த உடை அவருக்கு வேடமாக இல்லை.

படத்தில் ஔவையார் ஊர் ஊராக நடந்துகொண்டே இருக்கிறார். ஏழைக் குடிசையில் கூழ் குடிக்கிறார். அரசர்களுக்கு அறம் சொல்கிறார். யானைக் கூட்டம் கோட்டையை மோதித் தகர்க்கும் காட்சியைக் காண மக்கள் மீண்டும் மீண்டும் சென்றனர். பாட்டிலேயே பாதிப் படம் நகர்கிறது. அழகிய இளம் நாயகியையும் காதல் காட்சியையும் நம்பியே படங்கள் ஓடும் என்ற எண்ணம் இருந்த காலத்தில், ஒரு கிழவியின் கதை திரையரங்குகளை நிறைத்தது.

ஆண்களோடு இணையாக நடிப்பதில்லை என்ற உறுதி அவருடைய வாய்ப்புகளைச் சுருக்கியது உண்மை. 1935 முதல் 1970களின் தொடக்கம் வரை அவர் நடித்த படங்கள் பதினைந்தைத் தாண்டவில்லை. ஆனால், தலைவி வேடத்தை விட்ட நடிகைகளுக்குத் தாய், அத்தை, மாமியார் என்று ஓரமாக நிற்கும் வேடங்களே கிடைக்கும். சுந்தராம்பாள் கதையின் நடுவிலேயே நின்றார். நந்தனார், மணிமேகலை, ஔவையார், கவுந்தியடிகள், காரைக்கால் அம்மையார் என எல்லாருமே குடும்பத்துக்கு வெளியே நடந்து சென்றவர்கள்; தனியாக நின்று பேசியவர்கள். அந்த வேடங்களுக்கு அவரை விட்டால் வேறு ஆள் இல்லை என்ற நிலையை அவர் உண்டாக்கிவிட்டார்.

1964இல் மு. கருணாநிதியின் எழுத்தில் வந்த ‘பூம்புகார்’ சிலப்பதிகாரக் கதை. அதில் கோவலனையும் கண்ணகியையும் மதுரைக்கு அழைத்துச் செல்லும் சமணத் துறவி கவுந்தியடிகளாகச் சுந்தராம்பாள் நடித்தார். எழுதியவர் கடவுள் மறுப்பாளர். நடித்தவர் முருக பக்தை. தெய்வத்தை ஐயுறுவதுபோல் அமைந்த ஒரு பாட்டு வரியைப் பாடச் சுந்தராம்பாள் தயங்க, அவருக்காக அந்த வரி மாற்றப்பட்டது என்று திரையுலகில் இன்றும் பேசிக்கொள்வார்கள். கொள்கையில் எதிரெதிராக இருந்த இருவரும் ஒருவரையொருவர் மதித்ததால்தான் அது முடிந்தது.

மறு ஆண்டு ஏ. பி. நாகராஜன் இயக்கிய ‘திருவிளையாடல்’ வந்தது. ஞானப்பழம் கிடைக்காத கோபத்தில் மலையேறிப்போன பாலமுருகனைச் சமாதானம் செய்யும் ஔவையாராக மீண்டும் அவர் தோன்றினார். சில நிமிடக் காட்சிதான். ஆனால், அந்தப் படத்தை நினைப்பவர்கள் அந்தக் குரலையும் சேர்த்தே நினைப்பார்கள். பிள்ளையைக் கொஞ்சும் பாட்டியின் இளக்கமும், தவறு செய்தால் கடவுளையும் கண்டிப்பேன் என்ற துணிவும் அந்தப் பாட்டில் ஒன்றாக இருந்தன. பிறகு ‘கந்தன் கருணை’யிலும் அவரே ஔவையார். 1969இல் வெளிவந்த ‘துணைவன்’ படத்தில் பாடியதற்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. அப்போது அவர் அறுபது வயதைக் கடந்திருந்தார். 1970இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது. தமிழ் இசைச் சங்கம் ‘இசைப்பேரறிஞர்’ பட்டம் வழங்கியது. மக்களோ வெகுநாள் முன்பே ‘கொடுமுடி கோகிலம்’ என்று அவருக்குப் பெயர் சூட்டிவிட்டார்கள். கோகிலம் என்றால் குயில்.

சிறுமியாக வறுமையில் வாடிய கொடுமுடியில் அவர் ஒரு திரையரங்கைக் கட்டினார். 1973இல் ‘காரைக்கால் அம்மையார்’ படத்தில் முதிய அம்மையாராக நடித்தார். தம் அழகிய உடம்பை உதறிவிட்டுப் பேயுருவை வேண்டிப் பெற்ற அடியார் அவர். ஔவையாரைப் போலவே இவரும் இளமையை வேண்டாம் என்றவர். 1980ஆம் ஆண்டு சுந்தராம்பாள் காலமானார்.

அவருடைய திரைப்படங்களை இன்றும் நாம் பார்க்கலாம். ஆனால், அவரைப் புகழ்பெறச் செய்த நாடகங்களை யாரும் படம்பிடித்து வைக்கவில்லை. கிட்டப்பா ஒரு படத்திலும் நடிக்காமலே போய்விட்டார். கொழும்பிலும் தமிழ்நாட்டு ஊர்களிலும் விடிய விடிய நடந்த ‘வள்ளி திருமணம்’ அந்தக் கூட்டத்தோடு முடிந்துவிட்டது. எஞ்சியிருப்பவை சில பழைய இசைத்தட்டுகள். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே பாட்டு ஓடும். ஊசி உராயும் கரகரப்புக்கு நடுவே ஓர் இளம்பெண்ணின் குரல் எழும். தலை நரைத்த ஔவையாரை மட்டுமே அறிந்தவர்களுக்கு அது யார் குரல் என்று முதலில் தெரியாது. கொஞ்சம் மேலே ஏறிப் பாடும்போது தெரிந்துவிடும்.